பஸ் சரியான நேரத்துக்கு வந்த சோகம்

இன்று சாயந்திரம் காந்தி மார்க்கெட் ஸ்டாப்பில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன்.

வேலைக்காகத் தனியாக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பஸ் எப்போது வர வேண்டும், எப்போது வந்தது என்று போனில் குறித்து வரைபடமாக்குவேன். நேரத்துக்கு வந்தால் பச்சைப் புள்ளி, தாமதமானால் சிவப்பு.

பக்கத்தில் கீரைப் பையோடு நின்ற ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, ஒரே சிவப்பா இருக்கு?”

“இந்த பஸ் வர்ற நேரம்க்கா. தினமும் லேட்டு. இதுக்கு அடுத்தது பரவாயில்ல, பச்சைதான்.”

“தெரிஞ்சும் ஏன் இதுக்கே வந்து நிக்கிறீங்க? அடுத்ததுக்கு வரலாம்ல?”

காத்திருக்கும்போதுதான் யாராவது என்னோடு பேசுகிறார்கள். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“ரூமுக்குப் போய் என்னக்கா பண்ணப்போறேன்?” என்றேன்.

அவர் போனை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“சாப்பாடெல்லாம் எப்படி தம்பி?”

இங்கு வந்த பிறகு யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது, அதுவும் சரியான நேரத்துக்கு. அவர் முன்படியில் ஏறினார், நான் பின்படியில். நடுவில் அவ்வளவு கூட்டம்.

பஸ் நேரத்துக்கு வந்ததற்காகத் திருச்சியில் வருத்தப்பட்ட ஆள் நான் மட்டும்தானா? வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.