மாடியறை ராஜதந்திரி

ஜனவரி 4 – 299
பிப்ரவரி 4 – 299
பிப்ரவரி 11 – 1,450
மார்ச் 4 – 299

மூன்று 299-களும் ஓர் அரசியல் தொடர் பார்க்க மாதச் சந்தா. 1,450, தன் மனைவியின் குரல் காதில் விழாமல் அதைப் பார்க்க ஹெட்போன். செலவழித்தவர் என் மனைவியின் தம்பி. பேருந்துப் பணிமனையில் டூட்டி கிளார்க். எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எப்போது எடுப்பது என்று பட்டியல் போடுபவர். பல வருடங்களாக எங்கள் மாடியறையில் குடும்பத்தோடு இருக்கிறார்.

அந்த வருடம் தலைமை கிளார்க் பதவி காலியானது. அதோடு குவார்ட்டர்ஸும் உண்டு. அவர் மனைவி அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து வந்து திரைச்சீலைத் துணியும் எடுத்துவிட்டாள். போட்டிக்கு இருந்தது இன்னொரு கிளார்க் மட்டும். மூப்பில் இவர்தான் முதல். வாயை மூடிக்கொண்டு பட்டியல் போட்டிருந்தால் போதும்.

தொடர் விடவில்லை. அதில் ஓர் அமைச்சர் சிரித்துக்கொண்டே எல்லோரையும் கவிழ்ப்பார். ஒவ்வொரு பகுதியும் யாரோ யார் முதுகிலோ குத்தும் இடத்தில் முடியும். அடுத்தது தானாக ஓடும். ஞாயிறு காலை உட்கார்ந்தால் இவர் மாலைவரை எழுவதில்லை. நானும் இரண்டு பகுதி பார்த்தேன். நல்லவன் என்று ஒருவன் கிடையாது. வசதியே அதுதான். எல்லோரும் அயோக்கியர்கள் என்றாகிவிட்டால், பார்ப்பவன் எதுவும் செய்யாமலே விவரமானவன் ஆகிவிடுகிறான். படுத்துக்கொண்டே வாங்கக்கூடிய பட்டம் வேறு எது?

"இதுல அப்படி என்னப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"உலகமே இப்படித்தான் நடக்குது அத்தான். உங்களுக்குப் புரியாது."

"உன் உலகம் நாப்பது பஸ்ஸும் ஒரு கேன்டீனும். அங்க எவன் யாரைக் கவுக்கப் போறான்?"

"அங்கதான் விஷயமே. நாங்க பேசறதெல்லாம் மேனேஜர் காதுக்குப் போகுது. உளவாளி ஒருத்தன் இருக்கான்."

துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "உளவாளியை அப்புறம் பிடிக்கலாம். முதல்ல மோட்டாரை நிறுத்துங்க, தொட்டி வழியுது" என்றாள்.

உளவாளியைப் பிடிக்கும் வித்தையையும் தொடரிலிருந்தே எடுத்தார். அமைச்சர் தான் சந்தேகப்படும் மூன்று சக அமைச்சர்களிடம் மூன்று வெவ்வேறு பொய்களைச் சொல்வார். எது வெளியே வருகிறதோ, அதைக் கேட்டவன்தான் துரோகி. இவர் மீசைக்கார ஓட்டுநரிடம் ஏழாம் நம்பர் வழித்தடத்தை நிறுத்தப்போகிறார்கள் என்றார். பாட்டுக்காரரிடம் ஓவர்டைம் பாதியாகிறது என்றார். ஒல்லியிடம் கேன்டீனை மூடுகிறார்கள் என்றார். மூவரிடமும், "உங்க மனசோட இருக்கட்டும்."

அமைச்சர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். ஓட்டுநர்கள் ஒரே அறையில் சட்டை மாற்றி, ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிடுகிறவர்கள். இந்த அறிவாளிக்கு அது தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று பொய்களும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன.

"உனக்கு என்ன சொன்னான்?"

"கேன்டீனை மூடறாங்களாம்."

"எனக்கு ஓவர்டைம்."

"அப்ப எனக்குத்தான் பெருசா சொல்லியிருக்கான்!" என்று மீசைக்காரர் பெருமைப்பட்டாராம்.

கை கழுவிவிட்டு மூவரும் சேர்ந்தே மேலாளரிடம் போனார்கள். அவர் இவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். இவர் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு சார். இத்தனை நாளா உங்ககிட்ட வந்து சொல்றது யாரு?" என்றார்.

"யாருய்யா வந்து சொல்லணும்? அவங்க சட்டை மாத்தற அறை என் ஜன்னலுக்கு நேர் கீழ. எல்லாம் தானா காதுல விழுது. நீ அங்க நின்னு என்னை மாதிரி பேசிக் காட்டறதும்தான்."

விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 'நிர்வாக நலன் கருதிச் செய்தேன்' என்று பதில் எழுதினார். பிறகு, பதவியும் குவார்ட்டர்ஸும் இன்னொரு கிளார்க்குக்கு என்று ஒரு கடிதம். அவர் மனைவி அதைப் படித்துவிட்டு, எடுத்து வைத்திருந்த துணியை எங்கள் மாடியறை ஜன்னலுக்கே அளந்து வெட்டினாள். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, "அமைச்சரும் முதல் சீசன்ல தோத்தவர்தான் அத்தான்" என்றார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி, ஜூன் 11. அதற்கு அடுத்த வரி, வழக்கம்போல: ஜூலை 4 – 299.