அன்புள்ள வாடிக்கையாளரே, உள்ளே கரப்பான்

என் போனை எவனோ திருடிக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்டுவிட்டான் என்று முழுதாகக் கால்மணி நேரம் நம்பினேன். அப்படி நம்பவைத்த மெயிலைப் படித்ததே அந்தப் போனில்தான்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் சாதனத்தைத் திறந்தோம்" என்று ஆரம்பித்தது. கூடவே படங்கள். மூடி கழற்றிய ஒரு போன். உள்ளே செத்த கரப்பான்பூச்சி, அதன் முட்டை, பழுப்பாக ஏதோ பிசுபிசுப்பு, அதில் ஒட்டிய நீள முடி ஒன்று. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இன்னாங்க, போனக் கையில வெச்சிக்கினே போனக் காணோம்ன்றீங்க?" என்றாள் மனைவி.

வெட்கத்தில் உடனே கதையை மாற்றினேன். என் கணக்குக்குள் எவனோ புகுந்திருக்கிறான். என் படங்களெல்லாம் அந்த அசிங்கம் பிடித்த போனுக்குப் போய்விட்டன. மகள் கல்யாணப் படத்தின் மேல் கரப்பான் முட்டை! கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றினேன். கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

மறுநாள் அடுத்த மெயில்: "சரிசெய்ய வேண்டுமானால் உள்ளே இருக்கும் படங்கள் உட்பட எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். சம்மதமா?"

"அழிடா, நல்லா அழி" என்று சம்மதத்தை அழுத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் எதிரில் ஆன்லைன் மனு போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மலையிலிருந்து வருகிறவர்கள் பலருக்கு மெயில் கிடையாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராது. அதனால் என் மெயிலையே அடிப்பேன். சீட்டிலும் எழுதிக் கொடுத்து, "எங்க கேட்டாலும் இதக் காட்டு" என்று பெருமையாக அனுப்பி வைப்பேன்.

அந்த வாரமே, முன்பு என்னிடம் சாதிச் சான்றுக்கு மனு போட்ட கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். கையில் போன்.

"அண்ணே, ரிப்பேர் கடையில மெயில் கேட்டாங்க, உங்க சீட்டத்தான் காட்னேன். பாப்பா போட்டோ போவக்கூடாதுன்னேன். மெயில்ல கேட்டுட்டுத்தான் செய்வோம்னாங்க. நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன். கேட்டாங்களாண்ணே?"

போனை வாங்கிப் பார்த்தேன். கரப்பான் இல்லை, முட்டை இல்லை, பளிச்சென்று இருந்தது. பிறந்த நாள் முதல் மொட்டை போட்டது வரை அவள் குழந்தையின் படம் ஒன்றுகூட இல்லை.

கேட்டார்கள். சம்மதம் என்று அழுத்தியவன் நான்.