நூற்றுப் பதினெட்டுப் பேரின் ஏகமனது

கட்சியின் சட்டமன்ற அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்து எழுதியவள் அவள். எல்லா உறுப்பினர்களுக்கும் அவள் "டைப்பிஸ்ட் அக்கா"தான், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்குக்கூட. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதிப்புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவனுக்கு விளக்கினாள். ஜனங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பான்மைக் கட்சியின் உறுப்பினர்கள் கூடித் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், ஆளுநர் அவரை அழைத்து முதலமைச்சர் ஆக்குவார். பஸ் கண்டக்டரான கணவன் கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அந்த வருடமே, கூட்டத்துக்கு முந்தின நாள், "ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்ற தீர்மானத்தைப் பேருக்கு மட்டும் இடம் விட்டு அடித்துவைக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

கடைசியாக அவள் பார்த்த தேர்தலில் கட்சிக்கு நூற்றுப் பதினெட்டு இடம். முதலமைச்சர் நாற்காலிக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் பழைய மந்திரி, மீசைக்காரர். மற்றவர் கட்சித் தலைவரின் மருமகன். தலைமையிடத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்து, உறுப்பினர்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, யார் வேண்டும் என்று கேட்டார். மூலையில் உட்கார்ந்து இவள் குறித்துக்கொண்டாள். எழுபத்தொரு பேர் மீசைக்காரரைச் சொன்னார்கள். நாற்பது பேர் மருமகனைச் சொன்னார்கள். மிச்ச ஏழு பேர், மேலிடம் சொன்னால் சரி என்று பல்லைக் காட்டினார்கள். கணக்கை வாங்கிய பார்வையாளர் அதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் ஒரு கவரைப் பிரித்தார். உள்ளே இருந்தது மூன்றாவது ஆள் ஒருவரின் பெயர். சட்டமன்றத்தில் உறுப்பினர்கூட இல்லை, ஆறு மாதத்துக்குள் எங்காவது நின்று ஜெயித்துக்கொள்ளலாமாம். முன்மொழிந்தவர் மீசைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டே வழிமொழிந்தவர் மருமகன். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நூற்றுப் பதினெட்டு ஜோடிக் கைகள் தட்டின.

சாயங்காலம் அவள் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. முதலில் வந்தவர் மீசைக்காரரின் சம்பந்தி. நேற்று மீசைக்காரருக்காக மேஜையைத் தட்டிப் பேசியவர்.

"அக்கா, நேத்து நான் சொன்ன பேரு... கொஞ்சம் மாத்திப் போட்டுடுங்களேன்."

"சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். வேணும்னா நீங்களே உங்க கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

விரட்டத்தான் அப்படிச் சொன்னாள். வெட்கம் உள்ளவன் திரும்பிப் போயிருப்பான். இவரோ அவளிடமே பேனாவை இரவல் வாங்கி, ஆரம்பத்திலிருந்தே தன் மனதில் இருந்தவர் புதிய தலைவர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். எழுத்துப் பிழையைக்கூட விடவில்லை. அத்தனையையும் ஊசியால் குத்தி நூலில் கோத்து வைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது.

பதவியேற்ற மறுநாள் முதலமைச்சர் அவளைக் கூப்பிட்டார். கடிதக் கட்டு அவர் முன்னால் இருந்தது. அவளுடைய குறிப்பு நோட்டும் இருந்தது. அந்தக் கிறுக்கலை அவள் ஒருத்தியால்தான் படிக்க முடியும்.

"என் பேரை எத்தனை பேர் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லீங்க. கடுதாசி எல்லாம் கூட்டம் முடிஞ்சப்புறம் எழுதுனது."

அவர் கட்டைக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு கடிதங்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நோட்டை அவளிடமே நீட்டினார், கிழித்துப் போடச் சொல்லி. அவர் எதிரிலேயே கிழித்தாள்.

ஒரு வாரத்தில் அவளைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். கணவன் வருத்தப்பட்டான். அவள் படவில்லை. அங்கே தூசி மட்டும்தான் இருந்தது, அதைத் துடைத்தால் போய்விடும் என்றாள்.