ஸ்பீக்கரில் மீனாம்பாள்

"ஸ்பீக்கர்ல போடு" பாட்டு நாடகம் முதலில் எங்கே அரங்கேறியது என்று கேட்டால், வளைகுடாவில் ஒவ்வொரு ஊரும் தன்னைத்தான் சொல்லும். துபாய்த் தமிழ்ச் சங்கத்தார் தங்கள் பொங்கல் விழா என்பார்கள். குவைத்தில் அப்பாசியாக்காரர்கள் சண்டைக்கே வருவார்கள். உண்மையில் அது அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு தொழிலாளர் கேம்ப் அறையில், இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்த கார்மேகத்தின் கைபேசியில் பிறந்தது. அப்போது அதற்கு நாடகம் என்று பேரில்லை. வீட்டுக்குப் போன் பேசுவது என்று பேர்.

கார்மேகம் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஏசிக் குழாய்க்குத் தகரம் வெட்டுகிற வேலை. தகரச் சத்தம் இரண்டு காதையும் பாதி தின்றுவிட்டதால், ஸ்பீக்கரில் போட்டால்தான் மனைவி பேசுவது கேட்கும். அறையில் எட்டுப் பேர். அந்தரங்கம் என்ற ஒன்று அங்கே யாருக்கும் இல்லாததால், யாரும் அதைப் பறிகொடுத்ததாகவும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மீனாம்பாள் சொன்னாள்: "ஏங்க, நீங்க அனுப்புன மிக்சியப் போட்டா பக்கத்து வீட்டு டிவி நிக்குது. அவ டிவியப் போட்டா நம்ம மிக்சி நிக்குது. இப்ப ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். அவ சீரியல்ல மாமியா செத்த பொறவுதான் நான் சட்னி அரைக்கிறேன்."

அறையே சிரித்தது.

"யாருங்க அது சிரிக்கிறது?"

"ரூமுடி."

"எல்லாருமா? சாப்புட்டாங்களா?"

வேறொருத்தி என்றால் வெட்கப்பட்டுப் போனை வைத்திருப்பாள். மீனாம்பாள் அடுத்த வாரம் தயாராக வந்தாள்.

அதே கம்பெனியின் அலுவலகத்தில் கணக்கு எழுதிய பிரவீணன் யாழ்ப்பாணத்தார், கீபோர்டு வாசிப்பவர். கேம்பில் ஒரு கலைநிகழ்ச்சி நடத்தச் சொல்லி மேலிடம் அவரை அனுப்பியது. அந்த அறையில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து கேட்டவர், "அண்ணை, நாங்கள் நாடகம் தேடித் திரியிறம், நீங்கள் போனுக்குள்ள வச்சிருக்கிறியள்" என்றார். மெட்டுப் போட்டார். கணவன் வேடம் அவருக்கு. மனைவி வேடம் கார்மேகத்துக்கு. மீசை மட்டும் இருக்கும், அதை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ரவிக்கை தைக்கத் துபாயில் சத்வா கடைத்தெருவுக்குப் போனார்கள். தையற்காரர் மீரா சாகிப் அளவு நாடாவோடு வாசலை எட்டிப் பார்த்தார்.

"லேடீஸ் வரலையா?"

"நான்தான் பாய் லேடீஸ்."

மீரா சாகிப் எத்தனையோ பார்த்தவர். "கையத் தூக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

நாடகத்துக்கு ஒரே சட்டம்தான். ஞாயிறன்று மீனாம்பாள் பேசுவாள். அறை சிரித்தால் வரி உள்ளே, சிரிக்காவிட்டால் வெளியே. மேல்முறையீடு கிடையாது. அவளும் விடாமல் விசாரிப்பாள்.

"போன வாரம் சொன்ன ஆட்டுக்குட்டி நின்னுச்சா?"

"இல்லடி. தூக்கிட்டாங்க."

"ரசனை கெட்ட பயலுக."

கேம்பில் போட்டதைப் பார்த்துத் தமிழ்ச் சங்கங்கள் அழைக்கத் தொடங்கின. எந்த அழைப்பிதழிலும் அவள் பெயர் வந்ததில்லை. கதை வசனம் என்ற இடத்தில் 'நண்பர்கள்' என்று போட்டார்கள்.

ஒருநாள், ரேஷன் கடை வரிசையைப் பற்றி மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளிவிட்டு, கடைசியில் அவள் "ஏங்க, நெஞ்ச அடைக்குதுங்க" என்றாள். அறை கட்டிலைத் தட்டிச் சிரித்தது. கார்மேகமும் சிரித்தார்.

"இன்னொருக்கா சொல்லுடி. அந்த 'ங்க'வக் கொஞ்சம் இழு."

அவள் இழுத்தாள். அதுவே நாடகத்தின் பல்லவியாயிற்று. மனைவி ஒவ்வொரு புலம்பலையும் "நெஞ்ச அடைக்குதுங்க" என்று முடிப்பாள். கணவன் "அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்று ராகம் போட்டுப் பாடுவான். மூன்றாவது முறைக்குள் கூட்டமே சேர்ந்து பாடிவிடும். வேடிக்கை என்னவென்றால், அது அங்கே யாருக்கும் வேடிக்கையில்லை. எல்லார் வீட்டிலும் யாருக்கோ எதுவோ அடைத்துக்கொண்டுதான் இருந்தது; எல்லாரும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சிரித்ததற்கு வேறு காரணம் தெரியவில்லை. அப்பாசியாவில் ஒரு குழு இதை நகலெடுத்து, குடும்பப் பாங்கான உண்மைப் பெண் ஒருவரையே நடிக்க வைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த முறை மீசைக்காரர் ஒருவருக்குச் சேலை கட்டினார்கள்; எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனால் மீனாம்பாளுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. திருச்சிக்குப் போய் இருதய டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஊர் நர்சம்மா அவளை விரட்டிக்கொண்டிருந்தார். தனியாகப் போகமாட்டேன் என்றாள். சித்திரையில் லீவுக்கு வந்து தானே கூட்டிப்போவதாகக் கார்மேகம் சொல்லியிருந்தார். துபாய் சங்கம் தன் விழாவைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தது. பெரிய மண்டபம், பெரிய மேடை. கார்மேகம் லீவைத் தள்ளிவைத்தார். விழாவுக்கு மறுநாள் விமானம்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு. மீனாம்பாள் எதிர்வீட்டு மருமகள் சண்டை ஒன்றும் பஸ் கண்டக்டர் ஒன்றுமாக இரண்டு சங்கதி சொன்னாள், இரண்டும் தேறின. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க... நெஞ்ச அடைக்குதுங்க."

"அடுத்த லீவுல பாத்துக்கலாம்!" என்று அறை பாடியது.

"இல்லங்க. இது நாடகம் இல்ல."

அறை விழுந்து விழுந்து சிரித்தது. எழுதி வைத்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு வரி அமையாது.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கேட்கலாம் என்று கார்மேகத்துக்கு ஒரு கணம் தோன்றியது. அணைத்தால் அவருக்குக் கேட்காது. அணைக்காவிட்டால் அறைக்குக் கேட்கும். அவர் அணைக்கவில்லை.

"ஏண்டி, நெசமாவா?" என்றார். அந்தக் கேள்வியும் சிரிப்பில் போயிற்று.

அந்தப் பக்கம் மீனாம்பாளும் சிரித்துவிட்டாள். கூட்டம் சிரிக்கும்போது குறுக்கே புகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், நல்ல கலைஞர். "வாயுவா இருக்கும். நாடகத்த நல்லபடியா முடிச்சிட்டு வாங்க" என்றாள். "எல்லாரும் சாப்புட்டாங்களா?"

புதன்கிழமை சைட்டில் இருந்தபோது மச்சினன் அன்பரசனின் போன் வந்தது.

"மாமா, அக்கா போயிருச்சு."

தகரச் சத்தத்தில் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார். அன்பரசன் மறுபடி சொன்னதைச் சைட்டே கேட்டது. "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம் மாமா. வெயிலு தாங்காது. நீங்க காரியத்துக்கு வந்துருங்க."

சாமான் வைக்கிற கண்டெய்னருக்குள் உட்கார்ந்து, வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்தார். யாரோ கையில் பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. முகத்தைவிடப் பந்தல் துணிதான் அதிகம் தெரிந்தது.

பிரவீணன் வந்தார். "அண்ணை, நான் சங்கத்துக்குச் சொல்லி நிப்பாட்டுறன். தீட்டோட மேடையில ஏறுறதே?"

"ஏறுறேன் தம்பி."

"ஏன் அண்ணை?"

"ஞாயித்துக்கெழம அவ குடுத்தது ரெண்டு இருக்கு. கண்டக்டரும் மருமகளும். ரெண்டும் தேறிருச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

பிரவீணன் தயங்கினார். "நெஞ்சு வரி?"

"அது வேணாம்."

"வெட்டியாச்சு" என்றார் பிரவீணன். பல்லவியையே வெட்டி, அந்த இடங்களில் வெறும் இசையை நிரப்பினார். சங்கத்தாரிடம் காரணம் சொல்லவில்லை. கேம்ப் ஆட்களை வர வேண்டாம் என்று கார்மேகம் கேட்டுக்கொண்டார்; அவர்களும் வரவில்லை.

மண்டபம் நிரம்பியிருந்தது. கார்மேகம் சேலையோடு மேடைக்கு வந்ததுமே விசில். மருமகளுக்குச் சிரித்தார்கள். கண்டக்டருக்கு இன்னும் அதிகம் சிரித்தார்கள். பொரிந்து முடித்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். பிரவீணன் இசையைத் தொடங்கினார்.

கூட்டம் விடவில்லை. நாடகம் அவர்களுக்கு மனப்பாடம். நடிகர் மறந்துவிட்டார், எடுத்துக் கொடுப்போம் என்ற நல்லெண்ணத்தில் மண்டபம் முழுக்க ஒரே குரலில் சொல்லியது:

"நெஞ்ச அடைக்குதுங்க!"

அந்த 'ங்க'வை மீனாம்பாள் இழுத்தது போலவே இழுத்தார்கள். அத்தனை ஆண் தொண்டையிலும் அவள். பிரவீணனின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. பாட வேண்டிய கணவன் பாடவில்லை. கூட்டம் பதிலுக்குக் காத்திருந்தது.

கார்மேகம் கையிலிருந்த பொம்மைப் போனைக் காதில் வைத்தார். பெண் குரலை விட்டுத் தன் சொந்தக் குரலில் சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்குப் போடி மீனா. இன்னைக்கே போ."

அந்த நாடகத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய சிரிப்பு எழுந்ததில்லை. சேலை கட்டிய மீசைக்காரர் திடீரென்று ஆண் குரலில் பேசுவது யாரும் எதிர்பாராத உத்தி. எழுந்து நின்று கைதட்டினார்கள். கார்மேகம் மறுநாள் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை.

சட்டப்படி, அறை சிரித்த வரி உள்ளே. இப்போது அப்பாசியாவிலும் துபாயிலும் எந்தக் குழு போட்டாலும், கடைசியில் சேலைக்காரர் ஆண் குரலுக்கு மாறி அந்த வரியைச் சொல்கிறார். மீனா யார் என்று யாரும் கேட்பதில்லை.