ஏரிக்குள் ஏழு மரங்கள்

பெரம்பலூரில் எங்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஏரிக்குள் வளர்ந்த கருவேல மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். காலையில் கரைமேல் நடப்போர் நின்று அவற்றைக் கண்டு மகிழ்வர். எச்சத்தின் நாற்றமோ எங்கள் தெருவுக்கே உரியது. உலர்த்திய துணியை மறுபடியும் துவைப்பது என் மனைவியின் அன்றாட வழக்கமாயிற்று. ஆகவே, அம்மரங்களை அகற்றுமாறு தெருவார் சார்பில் மனு வரைந்தவன் நானே. வாசகம் அழகாக அமைந்ததென்று அன்று பெருமையும் கொண்டேன்.

மரங்கள் ஏலம் போயின. பங்குனியில் நீர் வற்றியதும் லாரியும் ரம்பங்களும் வந்து சேர்ந்தன. கூடுகளில் அப்போது இறகு முளைக்காத குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மனு எழுதுகையில் இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

வெட்ட வந்த ஆட்களின் மேஸ்திரியிடம் சென்று, குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்குமாறு வேண்டினேன்.

"ஏங்க, வெட்டச் சொல்லி எழுதுனதும் நீங்கதான், வேணாங்கறதும் நீங்கதானா? மேக்க கருக்குது பாருங்க. ஒரு மழை பேஞ்சா லாரி சேத்துல எறங்கிப்புடும். அப்பறம் கொக்கா வந்து தள்ளும்?"

உடனிருந்தோர் சிரித்தனர். நான் நகரவில்லை. அவர் சற்று இளகினார்.

"சரிங்க. குஞ்சு இருக்கற மரத்துல சுண்ணாம்பு பூசிட்டு வாங்க. அத வுட்டுடறோம். சித்திரை கடைசில வந்து வெட்டிக்கறோம்."

சுண்ணாம்புச் சட்டியுடன் ஏரிக்குள் இறங்கினேன். அண்ணாந்து பார்த்த மரத்திலெல்லாம் அலகுகள் திறந்திருந்தன. அனைத்திற்கும் பூசிவிட்டுக் கரையேறினேன்.

"நல்லா இருக்குங்க நாயம்! எல்லாத்தையும் வுட்டுட்டு நாங்க என்னத்த ஏத்திக்கிட்டுப் போறது? ஏழு மரம். அதுக்கு மேல ஒண்ணுகூட முடியாது."

மீண்டும் இறங்கினேன். இடி உறுமிற்று. ரம்பக்காரர்கள் காத்து நின்றனர். ஈரச் சாக்கால் ஒவ்வொரு மரத்தின் வெள்ளையையும் துடைத்தேன். துடைக்கும்போது மேலே பார்ப்பதைத் தவிர்த்தேன். ஏழு எஞ்சின.

வீட்டு வாசலிலிருந்து என் மனைவி யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வுட்ட ஏழும் அந்தக் கோடியிலல்ல நிக்குது? நம்ம வூட்டுக்கு எதுத்தாப்புல ஒண்ணுலகூட வெள்ளையக் காணோமே!"

திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. வேண்டுமென்றே துடைத்தேன் என்று சொல்ல இயலாது. அறியாமல் துடைத்தேன் என்று சத்தியம் செய்யவும் இயலாது.

"துணி நாறுதுன்னுதானே சொன்னேன். குஞ்சக் கொல்லச் சொன்னனா?"

சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டுக்கு எதிரிலிருந்த மரத்தில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது. மேஸ்திரி கையை உயர்த்தி, எட்ட நிற்குமாறு கத்தினார். நின்றேன். மரம் சாய்ந்தது. குஞ்சுகளின் குரல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.