கடலுக்குக் கொடுத்த குளம்

எட்ரியன் முட்டி போட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக் விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மலைமேல் இருக்கும் கோலா தெர்லாவின் தோட்டக்காரர்கள் தக்காளிச் செடிகளுக்கு மேல் கூரையாகப் போட்டு, மங்கிப்போனதும் கழற்றி எறிகிற விரிப்பு அது. பாசி போகக் கழுவி, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, சுருட்டிக் கட்டிக் கீழே போகும் காய்கறி லோரியில் ஏற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் வேலை. பூசைக்குக் கூப்பிட்டுப் பார்த்த பக்கத்து வீட்டார், கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

விரிப்பு போய்ச் சேருவது பேராக் கடற்கரைக்கு. அங்கே அவர் மனைவி கத்தரீன் இறால் வளர்க்கிறார். கடல் பக்கம் ஒரு குளம், உள்ளே தள்ளி ஒரு குளம். இரண்டும் மாமனார் விட்டுப்போனவை. இங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எட்ரியன், கல்யாணமான பிறகுதான் கடலையே பார்த்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். மலைக்குளிரிலும் செருப்புப் போடமாட்டார்; குளத்துச் சேற்றில் நடந்த கால். அவர் பிறந்த லயத்து வரிசை வீடுகளில் இப்போது பங்ளாதேஷ்காரர்கள் இருக்கிறார்கள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் கைத்தொலைபேசியில் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்ப்பார். மலைமேல் இருப்பவருக்கு இது எதற்கு என்று, தோட்டத்தில் கூட வேலை செய்யும் முனியாண்டி கேலி செய்வார். எட்ரியன் மறுநாளும் பார்ப்பார்.

வருடத்துக்கு வருடம் குளத்துக் கரையில் ஏறிக்கொண்டே வந்த கடல், ஒரு டிசம்பரில் அதைத் தாண்டிவிட்டது. காலையில் பார்த்தால் எது குளம், எது கடல் என்று தெரியவில்லை. பிடிக்கத் தயாராக இருந்த இறாலெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. விற்றுவிட்டுப் போகலாம் என்றார் எட்ரியன். கத்தரீன் கேட்கவில்லை. முன்குளத்தைக் கடலுக்கே கொடுத்துவிட்டு, அலையைத் தடுக்க அங்கே பாக்காவ் என்கிற அலையாத்தி மரம் நடவேண்டும். பின்குளத்தின் கரையை உயர்த்தி, மண் கரையாமல் பிளாஸ்டிக் விரித்து, அதில் மட்டும் வளர்க்கவேண்டும் என்றார். இனி இங்கே ஒரு இறால்கூட வளராது என்று சொல்லிவிட்டு எட்ரியன் மலையேறினார்.

ஆனால் வந்த மாதமே முதல் விரிப்பை அனுப்பினார்.

"அவ கேக்கவே இல்ல லா. நானா அனுப்புனேன். வேணாம்னும் சொல்லல," என்றார் என்னிடம்.

சென்ற வருடக் கடைசியில் கடலில் பெரிய நீரேற்றம் வந்த அன்று, வேலைக்குப் போகாமல் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தானாகக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. மதியத்துக்கு மேல் கத்தரீனே கூப்பிட்டார்.

"கரை நின்னுருச்சு. பாக்காவ் கண்ணு பாதி போச்சு, மறுபடி நடணும்."

வரட்டுமா என்று கேட்டார் எட்ரியன்.

"இங்க ஆள் இருக்கு லா. நீங்க பிளாஸ்டிக்க அனுப்புங்க, போதும்."

அவரும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன வாரம் லோரி ஓட்டுநர் மகேன், கீழேயிருந்து ஓர் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பின்குளத்தில் பிடித்த முதல் இறால், கத்தரீன் கொடுத்தனுப்பியது. எட்ரியன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். பார்க்கப் போயிருந்த எனக்குத் தேநீர் கலக்கினார். வேறு என்னென்னவோ பேசினார். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் மேசையில் வழிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. இறால் எப்படி இருந்தது என்று கத்தரீன் கேட்டது எனக்கும் கேட்டது.

"நல்லா இனிப்பா இருந்துச்சு," என்றார் எட்ரியன், இன்னும் கயிறு அவிழ்க்காத பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே.