ஞானப்பூ எறிந்த வளையம்

மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைச் சரிசெய்ய வந்தவர் ஒரு ரப்பர் வளையத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்து முகர்ந்து பார்த்தேன். இந்த வயதில் கண்டதையும் முகர்கிறாளே என்று மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். அந்த வாடைக்கு என் உள்ளங்கை இன்றும் வேர்க்கிறது.

எங்கள் பக்கம் இன்னும் தமிழ்நாட்டோடு சேராத வருசங்கள். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரே விளையாட்டு வளையப்பந்து. பெயரில்தான் பந்து, கையில் இருப்பது ரப்பர் வளையம். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எறிந்தால் இந்தப் பக்கம் ஒரு கையால் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். கீழே விழுந்தால் எறிந்தவளுக்குப் புள்ளி. அடுக்களையில் தொட்டதையெல்லாம் நழுவவிடுகிற எனக்கு வளையம் மட்டும் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும். என் ஜோடி சரசம், உயிர்த்தோழி.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய மணல்வெளியில் போட்டி. எதிரே மேற்கேயிருந்து வந்த பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருவர். அதில் ஞானப்பூ என்ற மெலிந்த பெண்ணைப் பார்த்ததும் எங்கள் ஆட்களிடையே குசுகுசுப்பு. அவள் என்ன சாதி என்ற சேதி அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கள் டீச்சர் இருவரையும் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளை எறிஞ்சா பிடிக்காண்டாம். சும்மா நில்லுங்க. தோத்தாலும் சரி. ஒங்க வீட்டுல கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது, கேட்டியளா?"

அப்போதே என் மனம் கொதித்தது என்று உங்களிடம் பெருமையடிக்கலாம். ஒன்றும் கொதிக்கவில்லை. தலையாட்டினேன்.

ஞானப்பூ எறிந்தாள். வளையம் சரசத்தின் காலடியில் விழுந்தது. அடுத்தது என் தோளில் பட்டு விழுந்தது. நாங்கள் அசையவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் அசையவில்லை, ஒருவர்கூடச் செருமவில்லை. உச்சிவெயில். கடல் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அதன் இரைச்சல் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மணலில் ரப்பர் விழும் சத்தம், பிறகு நடுவரின் குரல்: "ஒண்ணு." "ரெண்டு."

விழுந்த வளையத்தை எங்களில் யாரும் தொடாததால் ஒவ்வொரு முறையும் அவளே வலைக்கு அடியில் குனிந்து வந்தாள். எங்கள் கால்களுக்கு நடுவே இருந்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்காவது முறை குனிந்தபோது, என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "கைய நீட்டினா போதும். நான் கையிலயே எறியுதேன்" என்றாள்.

எறிந்தாள். என் கை நீண்டது. நான் நீட்டினேனா, தானாக நீண்டதா என்று இத்தனை வருசமாகியும் தெரியவில்லை. பிடித்துவிட்டேன்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?" என்ற சரசம் கோட்டைத் தாண்டி வெளியே போனாள். நான் வளையத்தைத் திருப்பி எறிந்தேன். அதைப் பிடித்துக்கொண்ட ஞானப்பூ தன் ஜோடியிடம், "நீ வெளிய நில்லு மக்கா. அவ ஒத்தைக்கில்லா நிக்கா" என்றாள்.

இருவர் மட்டும் ஆடினோம். எண்ணிக்கை சொல்லும் குரல் நின்றுபோனது. பின்னால் மணலில் காலடிகள் விலகிக்கொண்டே இருந்தன. நான் திரும்பவில்லை, திரும்பினால் கை நின்றுவிடும் என்று தோன்றியது. கடைசியில் அவள் களைத்துப்போய் வளையத்தைக் கீழே வைத்த பிறகே சுற்றிப் பார்த்தேன். அவளுடைய ஜோடியைத் தவிர ஒருவரும் இல்லை. டீச்சரின் நாற்காலி மட்டும் எங்களைப் பார்த்தபடி கிடந்தது.

அன்று என்னைக் கிணற்றடியில் தலைமுழுக வைத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்கள். மறுவாரம் அணியில் என் பெயர் இல்லை. அடுத்த வருசம் போட்டியே இல்லை. ஞானப்பூ நர்ஸாகி வடக்கே எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. அவளுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை.

பிற்காலத்தில், அன்று அங்கிருந்த பலரைச் சந்தித்திருக்கிறேன். எல்லோரும் கடைசிவரை நின்று பார்த்ததாகவே சொன்னார்கள். போன மாதம் சரசம் வந்திருந்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நானும் போகல்லட்டி. அந்தப் பூவரசுக்குப் பின்னால நின்னு முழுசும் பாத்தேன்."

அவள் கண் நிறைந்திருந்தது. அந்த மணல்வெளியில் மரமே கிடையாது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால், இப்போது அங்கே மணல்வெளியும் இல்லை. ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது.